என்ன பூச்சி என்று பார்த்தீர்களா?

ஐப்பசி பிறந்து நாலு மழை பெய்துவிட்டால் போதும், கழுத்திலும் கண்ணிமையிலும் முழங்கை மடிப்பிலும் சிவந்த கோடும் கொப்புளமுமாக ஆட்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். "ராத்திரி படுக்கும்போது ஒண்ணும் இல்ல டாக்டர், காலையில பார்த்தா எரியுது." வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்லியிருப்பார்கள். எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பெய்துவிட்டது என்பார் ஒருவர், பல்லி என்பார் இன்னொருவர். பெரியவர்கள் அக்கி என்று முடிவுகட்டி, காவி எழுதியே அழைத்து வந்திருப்பார்கள்.

காவிரிப் படுகையில், வயலும் வாய்க்காலும் சூழ்ந்த ஒரு சிற்றூரில் பொது மருத்துவம் பார்க்கிறேன். இங்கே வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "என்ன பூச்சி என்று பார்த்தீர்களா?" என்பதுதான். பெரும்பாலும் பதில் "இல்லை" அல்லது "அடிச்சுத் தூக்கிப் போட்டுட்டோம்". நம் வீட்டுச் சுவரிலும் கொல்லையிலும் யார் யார் வசிக்கிறார்கள் என்று நமக்குத் தெரிவதில்லை. தெரியாததால் பயப்பட வேண்டாததற்கெல்லாம் பயந்து, பயப்பட வேண்டியதை அலட்சியமாக விட்டுவிடுகிறோம். இதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல நினைக்கிறேன்.

முதலில் அந்தக் கொப்புளம். அதற்குக் காரணம் பேடரஸ் என்ற ஒல்லியான சிறு வண்டு. ஒரு சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். கறுப்பும் செம்மஞ்சளும் மாறிமாறிப் பட்டையாக இருக்கும். அவசரத்தில் பார்த்தால் எறும்பு என்றுதான் தோன்றும். இது கடிக்காது, கொட்டாது. உடம்பில் ஊரும்போது நாம் தூக்கக் கலக்கத்தில் நசுக்கித் தேய்க்கிறோமே, அப்போது அதன் உடல் நீரிலிருக்கும் பெடரின் என்ற நஞ்சு தோலில் படுகிறது. அந்த நஞ்சைத் தயாரிப்பதுகூட வண்டு அல்ல, அதற்குள் குடியிருக்கும் ஒரு பாக்டீரியா. எரிச்சல் உடனே தெரியாது, ஒரு நாள், ஒன்றரை நாள் கழித்துத்தான் தோல் சிவக்கும். ஆக, காலையில் எழுந்து பார்க்கும் கொப்புளத்துக்குக் காரணம் நேற்று ராத்திரி வந்த பூச்சியாக இருக்க வேண்டியதில்லை, அதற்கு முந்தின ராத்திரி வந்ததாகவும் இருக்கலாம். அதனால்தான் யாருக்கும் அதன் மேல் சந்தேகமே வருவதில்லை, பழி சுவரில் சும்மா உட்கார்ந்திருக்கும் பல்லி மேல் விழுகிறது.

முழங்கை மடிப்பில் பட்டால் மடிப்பின் இரண்டு பக்கமும் ஒரே அச்சாகக் கொப்புளம் இருக்கும். அதைப் பார்த்தாலே எங்களுக்குப் புரிந்துவிடும். அக்கி என்பது உள்ளே தூங்கிக்கொண்டிருந்த அம்மை வைரஸ் ஒரு நரம்பின் வழியே கிளம்புவது. அதற்கான மருந்து வேறு, இதற்கான மருந்து வேறு. வண்டை நசுக்கிவிட்டோம் என்று தெரிந்தால் உடனே சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். அந்தக் கையால் கண்ணைக் கசக்காதீர்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், வயலில் இதே வண்டு விவசாயிக்கு நண்பன். நெற்பயிரில் புகையானையும் தத்துப்பூச்சியையும் பிடித்துத் தின்னும். விளக்கு வெளிச்சத்துக்குத்தான் வீட்டுக்கு வருகிறது. மழைக்காலத்தில் வாசல் விளக்கைச் சீக்கிரம் அணைத்து, ஜன்னலுக்கு வலை போட்டு, படுக்குமுன் தலையணையை ஒருமுறை உதறினால் போதும். மேலே ஊர்ந்தால் வாயால் ஊதிவிடுங்கள், இல்லை ஒரு தாளில் ஏற்றி வெளியே விடுங்கள். மருந்தடித்து ஒழிக்க வேண்டிய ஜீவன் இல்லை அது.

தேள் விஷயத்தில் நம் ஊர்க் கணக்கு அப்படியே தலைகீழ். நட்டுவாக்காலியைப் பார்த்தால் தெருவே கூடிவிடும். கரேல் என்று, பெரிய கொடுக்கோடு, பார்க்கவே பயமாகத்தான் இருக்கும். அது கொட்டினால் வலிக்கும், ஆனால் உயிருக்கு ஆபத்து வருவது அரிது. நான் பயப்படுவது இரண்டு மூன்று அங்குலம் மட்டுமே இருக்கும் செந்தேளுக்கு. முன்கொடுக்கு ஒல்லி, வால் தடிமன். விறகுக் கட்டு, செங்கல் அடுக்கு, கழற்றிப் போட்ட செருப்பு, இவைதான் அதன் இருப்பிடம். சின்னத் தேள்தானே என்று குழந்தைக்கு வெங்காயம் தேய்த்துப் படுக்க வைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் வியர்த்து, கை கால் சில்லிட்டு, வாந்தி வரும். இருதயமும் நுரையீரலும் பாதிக்கப்படுவதன் அறிகுறி அது. மகாராஷ்டிரத்தின் மஹாட் என்ற சிற்றூரில் மருத்துவம் பார்த்த ஹிம்மத்ராவ் பாவஸ்கர், ரத்த அழுத்தத்துக்கான பிரசோசின் மாத்திரை இந்தக் கடியில் உயிரைக் காக்கிறது என்று 1980களில் காட்டினார். அதற்கு முன்பு செத்துப்போன குழந்தைகள் ஏராளம். 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. மாத்திரை விலை குறைவுதான், ஆனால் நேரத்தோடு வர வேண்டும்.

தேளைத் தேடிப் பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ரூபாய் நோட்டைச் சோதிக்கும் ஊதா நிற விளக்கு கடையில் மலிவாகக் கிடைக்கும். ராத்திரி எட்டு ஒன்பது மணிக்கு அதை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்ச் சுவர் ஓரமாக அடித்துப் பாருங்கள். அந்த ஒளியில் தேள் பச்சை கலந்த நீலமாக ஒளிரும், தவறவிடவே முடியாது. எங்கே இருக்கிறது, எந்தப் பொந்திலிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டால் அந்தச் செங்கல் அடுக்கை மறுநாள் பகலில் அப்புறப்படுத்திவிடலாம். செருப்புப் போட்டுக்கொண்டு போங்கள், கையை எந்த இடுக்கிலும் விடாதீர்கள்.

பாம்புக்கு வருவோம். வீட்டுக்குள் வந்து அடிபட்டுச் சாகும் பாம்புகளில் நிறைய, நஞ்சே இல்லாத வெள்ளிக்கோல் வரையன்கள். ஓநாய்ப் பாம்பு என்றும் சொல்வார்கள். பழுப்பு உடம்பில் வெளிறிய பட்டைகள் இருப்பதால் கட்டுவிரியன் என்று நினைத்து அடித்துவிடுகிறார்கள். இது பல்லி தின்னும் பாம்பு, ஆகவே சுவரில் ஏறும், ஜன்னல் இடுக்கில் இருக்கும். பட்டைகள் கழுத்துப் பக்கம் தெளிவாகவும் வாலை நோக்கி மங்கலாகவும் இருக்கும். கட்டுவிரியன் பளபளக்கும் கறுப்பு. மெல்லிய வெள்ளைக் கோடுகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக, தலைக்குச் சற்றுத் தள்ளித் தொடங்கி வால் பக்கம் தெளிவாகும். பெரும்பாலும் தரையோடு திரியும். இந்த அடையாளங்களைத் தூரத்திலிருந்து பார்த்துப் பழகுவதற்குத்தான் சொல்கிறேன், கிட்டப் போய் எண்ணிப் பார்ப்பதற்கல்ல. சந்தேகம் வந்தால் கட்டுவிரியன் என்றே வைத்துக்கொண்டு விலகி நில்லுங்கள்.

கட்டுவிரியனைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். அது கடித்தால் வலியே தெரியாமல் போகலாம், பல் பட்ட தடமும் கண்ணுக்குத் தெரியாது. தரையில் பாய் விரித்துத் தூங்கியவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்திருப்பார். ராத்திரி சாப்பிட்டது சேரவில்லை என்று சோடா வாங்கிக் கொடுப்பார்கள். அப்புறம் இமை தொங்கும், பேச்சுக் குழறும், மூச்சுத் திணறும். மழைக்காலத்தில், தரையில் படுத்தவருக்கு, விடியலில் வயிற்றுவலியும் இமைச் சோர்வும் சேர்ந்து வந்தால் கடி தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் 108ஐக் கூப்பிடுங்கள். கட்டிலில் படுப்பதும், கொசுவலையைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிக்கொள்வதும் இந்தப் பாம்பிடமிருந்து தப்பிக்க நல்ல வழி.

"பாம்பைப் பிடித்துக்கொண்டு போனால்தானே எந்த மருந்து என்று தெரியும்?" என்று இன்னமும் கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம். நம்மிடம் இருக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் சேர்த்துத் தயாரித்தது. அதற்கு வேண்டிய நஞ்சில் பெரும்பங்கு, மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்துதான் பல காலமாகப் போய்க்கொண்டிருக்கிறது. 1978இல் தொடங்கிய சங்கம் அது. கடிபட்டவர் மருத்துவமனைக்கு வந்ததும் சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்துப் பார்ப்போம். உறையவில்லை என்றால் கண்ணாடிவிரியன் அல்லது சுருட்டைவிரியன் கடி என்று நினைத்துக்கொள்வோம். இமையைப் பார்ப்போம், வீக்கத்தைப் பார்ப்போம். செத்த பாம்பு பையில் வந்தால் மருத்துவமனையில் கூட்டம்தான் கூடும். தூரத்திலிருந்து கைபேசியில் ஒரு படம் எடுக்க முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் போகட்டும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் பாம்பைத் தேடிக்கொண்டிருந்த நேரத்துக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

அரணையைப் பற்றி ஒரு வரி. "அரணை கடித்தால் மரணம்" என்பது எதுகைக்காகச் சொன்னது போலிருக்கிறது. அதற்கு நஞ்சே கிடையாது. பச்சைப்பாம்பும் யார் கண்ணையும் கொத்துவதில்லை.

குளவியில் இரண்டு வகையை மட்டும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். சுவர் மூலையில் ஈர மண்ணைக் கொண்டுவந்து அப்பிக் கூடு கட்டுகிறதே, அது தனியாக வாழும் குளவி. சிலந்தியையோ புழுவையோ கொட்டி மயக்கி, தன் குஞ்சுக்கு உணவாக அந்த அறைக்குள் அடைத்து மூடும். நாமாகப் பிடித்து நசுக்கினால் ஒழிய நம்மைக் கொட்டாது. வீட்டில் குளவி கூடு கட்டினால் குழந்தை பிறக்கும் என்று நம் பாட்டிமார் அதைக் கலைக்காமல் விட்டார்கள், அந்தக் காரணம் எப்படியோ, காரியம் சரி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால் அந்தக் கூடு எழும்புவதை உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கதண்டு வேறு. பனை, தென்னை உச்சியிலும் புதரிலும் பந்து போலப் பெரிய கூடு கட்டிக் கூட்டமாக வாழும். தென்னை மட்டை விழுந்தாலோ பையன்கள் கல்லெறிந்தாலோ கூட்டத்தோடு துரத்தும். பத்திரிகைகளில் "விஷ வண்டு" என்று எழுதுவது பெரும்பாலும் இதைத்தான். நிறைய இடத்தில் கொட்டியிருந்தால், ஆள் தெம்பாக இருந்தாலும் மருத்துவமனைக்கு வந்தே தீர வேண்டும். தசை சிதைந்து சிறுநீரகம் பழுதாவது இரண்டு மூன்று நாள் கழித்துக்கூடத் தெரியலாம். சிறுநீர் கறுத்துப் போனாலும் அளவு குறைந்தாலும் ஆபத்து. இந்தக் கூட்டைத் தீப்பந்தம் கட்டி நீங்களே கொளுத்தப் போகாதீர்கள், தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னால் வந்து அழிப்பார்கள்.

சில உயிர்கள் கண்ணுக்கே அகப்படாது. புதர்க்காட்டில் எலிகளோடு வாழும் ஒருவகை உண்ணியின் இளம்புழு ஒரு மில்லிமீட்டரில் கால் பங்குகூட இருக்காது. ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் இதிலிருந்துதான் வருகிறது. மழை விட்டுப் பனி தொடங்கும் மாதங்களில் அதிகம். இங்கே பூச்சியைத் தேடிப் பயனில்லை, உடம்பைத் தேட வேண்டும். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே, இடுப்புக் கயிறு அழுந்தும் இடம். அங்கே வலியோ அரிப்போ இல்லாத சின்னக் கறுப்புப் பொருக்கு இருந்தால், சிகரெட்டால் சுட்டது போல இருக்கும், அதை வெட்கப்படாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். டாக்ஸிசைக்ளின் போன்ற சாதாரண மருந்திலேயே குணமாகிவிடும் நோய், கண்டுபிடிக்காமல் விட்டால் உயிரை எடுக்கும். கொல்லையில் முழங்கால் உயரம் வளர்ந்த புதரும் எலி வளையும் இருக்கிறதா என்று பார்த்துச் சுத்தம் செய்வது அடுத்த வேலை.

டெங்குக் கொசுவைப் பற்றி எல்லாரும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஆனாலும் ஒன்று: ஏடிஸ் கொசு முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் ஒட்டிவைக்கும். தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்துவிட்டால் முட்டை போகாது, காய்ந்தே மாதக்கணக்கில் உயிரோடிருந்து, அடுத்த தண்ணீரில் பொரிக்கும். ஆகவே தொட்டியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பழைய ஆட்டுக்கல் குழி, பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, தேங்காய்த் தொட்டி என்று பார்க்க வேண்டிய இடங்களை வாரம் ஒருநாள் பிள்ளைகளையே பார்க்கச் சொல்லலாம். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகிறது, வாரத்துக்கு ஒருமுறை போதும். வெள்ளைக் கிண்ணத்தில் மொண்டு பார்த்தால் புழு நெளிவது நன்றாகத் தெரியும்.

என்னிடம் வருகிறவர்களில் சிலர் இப்போது கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். நல்ல பழக்கம். பூச்சியை எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தால் அளவு தெரியும். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. எந்த நேரம், விளக்கடியா சுவரா செடியா என்று சொன்னால் இன்னும் உதவும். முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சி பட்டுவிட்டால் படம் எடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: தேய்க்காமல், செல்லோடேப்பை அந்த இடத்தில் ஒட்டி ஒட்டி எடுங்கள், சுணை அதோடு வந்துவிடும். கண்ணில் பட்டிருந்தால் கசக்காமல் நேரே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.