சாவியோடு சேர்த்து விற்ற பூட்டு

2003 ஏப்ரல் 28 அன்று ஆப்பிள் நிறுவனம் அமெரிக்காவில் ஐடியூன்ஸ் இசைக்கடையைத் திறந்தது. ஒரு பாட்டு 99 சென்ட். கடையில் இருந்தவை சுமார் இரண்டு லட்சம் பாட்டுகள். முதல் வாரத்திலேயே பத்து லட்சம் பிரதிகள் விற்றன. இணையத்தில் பாட்டு என்றாலே ஓசியில் இறக்கிக்கொள்வது என்று ஆகிவிட்டிருந்த காலம் அது. காசு கொடுத்து வாங்கவும் ஆள் உண்டு என்று அந்தக் கடை காட்டியது. ஆனால் அங்கே வாங்கிய பாட்டை வேறொரு கம்பெனியின் பிளேயருக்கு மாற்றினால் ஓடாது. கோப்பு முழுசாக இருக்கும், அளவு சரியாக இருக்கும், சத்தம் மட்டும் வராது.

காரணம், ஃபேர்பிளே என்ற பூட்டு. இந்த வகைப் பூட்டுகளுக்கு டிஆர்எம் என்று பொதுப்பெயர். டிஜிட்டல் உரிமை மேலாண்மை என்று அதைத் தமிழில் சொல்வார்கள்.

ஃபேர்பிளே வேலை செய்த விதத்தைப் பார்ப்போம். பாட்டு முதலில் ஏஏசி என்ற வடிவத்தில் சுருக்கப்படும். அந்த ஒலித் தரவை ஏஇஎஸ் என்ற முறையில் குறியாக்கம் செய்வார்கள். அதைத் திறக்க ஒரு சாவி வேண்டும். கணினி உலகில் சாவி என்பது ஒரு நீளமான எண், அவ்வளவுதான். அந்தச் சாவி பாட்டுக் கோப்புக்குள்ளேயே இருந்தது. ஆனால் அதையும் இன்னொரு சாவியால் பூட்டியிருந்தார்கள். இந்த இரண்டாவது சாவி, வாங்கியவரின் கணக்கோடு சேர்ந்தது. வாங்கும்போதே அது உருவாகும். ஒரு பிரதி ஆப்பிளின் சர்வரில் இருக்கும், இன்னொன்று வாங்கியவரின் கணினியில் ஐடியூன்ஸ் மென்பொருள் மறைத்து வைத்திருக்கும் பெட்டகத்துக்குப் போகும். புதுக் கணினி வாங்கினால் அதை 'அங்கீகரிக்க' வேண்டும். சர்வர் உங்கள் சாவிகளை எல்லாம் அந்தக் கணினிக்கு அனுப்பும். முதலில் மூன்று கணினி, 2004-லிருந்து ஐந்து கணினி என்று வரம்பு. ஆப்பிளின் கையடக்க பிளேயரான ஐபாடுக்குத் தனியாக இணையத் தொடர்பு கிடையாது. கணினியோடு இணைக்கும்போது சாவிகள் அதற்குள் போய்விடும். வேறு கம்பெனி பிளேயருக்கு அந்தச் சாவி போகவே போகாது.

கேட்கக் கச்சிதமான ஏற்பாடு. ஆனால் இதன் அடிப்படையிலேயே ஒரு ஓட்டை இருக்கிறது. பொறியாளர்களின் கவனக்குறைவால் வந்த ஓட்டை அல்ல அது, யாராலும் அடைக்க முடியாதது.

குறியாக்கக் கலை எதற்காகப் பிறந்தது? அனுப்புபவர் ஒருவர், பெறுபவர் ஒருவர், நடுவில் ஒட்டுக்கேட்பவர் ஒருவர். முதல் இரண்டு பேரிடமும் சாவி இருக்கும், மூன்றாமவரிடம் இருக்காது. உங்கள் வங்கிப் பரிவர்த்தனை இன்றைக்குப் பாதுகாப்பாக இருப்பது இந்த ஏற்பாட்டால்தான். டிஆர்எம்மில் பெறுபவரும் ஒட்டுக்கேட்பவரும் ஒரே ஆள். வாடிக்கையாளர் பாட்டைக் கேட்க வேண்டும் என்றால் சாவி அவருடைய கணினியில் இருந்தே ஆக வேண்டும். அவர் பிரதி எடுக்கக் கூடாது என்றால் அதே சாவி அவர் கண்ணில் படக் கூடாது. இரண்டும் ஒன்றாக நடக்காது. ஏஇஎஸ்ஸின் கணக்கை யாரும் உடைக்க வேண்டியதில்லை. சாவியை ஒளித்து வைத்த இடத்தைத் தேடினால் போதும்.

அதுதான் நடந்தது. டிவிடி பூட்டை உடைத்ததற்காக 'டிவிடி ஜான்' என்று பெயர் வாங்கிய நார்வே இளைஞர் ஜான் லெக் ஜொஹான்சன், கடை திறந்த ஏழாவது மாதமே, 2003 நவம்பரில், ஒரு சின்ன நிரலை வெளியிட்டார். அது பூட்டைத் தொடவே இல்லை. பாட்டு ஒலிக்க வேண்டுமானால் குறியாக்கம் நீங்கிய தரவு ஒரு கணமாவது கணினியின் நினைவகத்தில் இருந்தாக வேண்டும் அல்லவா? அந்த இடத்தில் கைவைத்துத் தரவை அள்ளிக்கொண்டது அந்த நிரல். 2005 மார்ச்சில் அவரும் இன்னும் இருவரும் சேர்ந்து வெளியிட்ட பைமியூசிக் இதைவிடச் சுவாரசியமானது. ஆப்பிளின் சர்வர் பாட்டைப் பூட்டில்லாமல்தான் அனுப்பிக்கொண்டிருந்தது. வாங்கியவரின் கணினியில் இருந்த ஐடியூன்ஸ்தான் அதை வாங்கிப் பூட்டுப் போட்டது. இவர்கள் எழுதிய மென்பொருள் முறைப்படி காசு கட்டிப் பாட்டை வாங்கியது, பூட்டுப் போடும் வேலையை மட்டும் செய்யாமல் விட்டது! ஆப்பிள் சில நாட்களில் அந்த வழியை அடைத்தது. உடனே இன்னொரு வழி வந்தது.

இவ்வளவு சிரமம் கூடத் தேவையில்லை. வாங்கிய பாட்டுகளை ஆடியோ சிடியாக எழுதிக்கொள்ள ஆப்பிளே அனுமதித்திருந்தது. அந்தச் சிடியைத் திரும்பக் கணினியில் ஏற்றினால் பூட்டில்லாத பாட்டு கிடைக்கும். இரண்டாம் முறை சுருக்குவதால் தரம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அதோடு, இதே இசை நிறுவனங்கள் இதே பாட்டுகளைப் பூட்டே இல்லாத சிடியாகக் கடை கடையாக விற்றுக்கொண்டிருந்தன. திருட விரும்பியவர் ஐடியூன்ஸ் பக்கம் வர வேண்டிய அவசியமே இல்லை.

அப்படியானால் அந்தப் பூட்டு யாரைத்தான் தடுத்தது? என் பார்வையில், நேர்மையாகக் காசு கொடுத்தவரை. அப்புறம், போட்டியாளரை.

இதில் சட்டம் எங்கே வருகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1996-ல் ஜெனிவாவில் உலக அறிவுசார் சொத்து அமைப்பு நிறைவேற்றிய உடன்படிக்கை, இத்தகைய பூட்டுகளுக்குச் சட்டப் பாதுகாப்புத் தர வேண்டும் என்றது. அமெரிக்கா 1998-ல் டிஎம்சிஏ என்ற பதிப்புரிமைச் சட்டத்தின் 1201-ஆம் பிரிவில் அதை மிகக் கடுமையாகவே எழுதியது. பூட்டை உடைப்பதே குற்றம், உடைக்கும் கருவியைப் பரப்புவதும் குற்றம். உடைத்தபின் நீங்கள் செய்தது உங்கள் சொந்தப் பாட்டுக்கு ஒரு பிரதி எடுத்ததுதான் என்றாலும், விதிவிலக்குப் பட்டியலில் இல்லாவிட்டால் சிக்கல்தான். கணக்கால் காக்க முடியாத பூட்டைச் சட்டம் காவல் காத்தது.

2004 ஜூலையில் ரியல்நெட்வொர்க்ஸ் நிறுவனம் ஹார்மனி என்ற தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்தது. தன் கடையில் விற்கும் பாட்டுகள் ஐபாடிலும் ஓடும்படி, ஃபேர்பிளேக்கு ஒத்துப்போகும் பூட்டைத் தானே போட்டது. யாருடைய பூட்டையும் அது திறக்கவில்லை. இருந்தும் ஆப்பிள் கொதித்தது. ஹேக்கர் வேலை என்று கண்டித்தது, டிஎம்சிஏ பாயுமா என்று ஆராய்வதாக அறிவித்தது. அந்த வருடக் கடைசியில் வந்த ஐபாட் மென்பொருள் புதுப்பிப்பில் ஹார்மனிப் பாட்டுகள் ஓடாமல் போயின. ஐரோப்பாவில் நார்வே நாட்டு நுகர்வோர் அமைப்புகள் இந்தக் கட்டுப்பாடு நியாயமற்றது என்று கிளம்பின, பிரான்ஸ் சட்டமே போட முயன்றது. அமெரிக்காவில் 2005-ல் தொடங்கிய வாடிக்கையாளர் வழக்கு மட்டும் சுமார் பத்து வருடம் இழுத்து, 2014 டிசம்பரில் ஆப்பிளுக்குச் சாதகமாக முடிந்தது. ஆப்பிள் செய்தது தயாரிப்பை மேம்படுத்தும் வேலைதான் என்று நடுவர் குழு ஏற்றுக்கொண்டது.

சாவியை வாடிக்கையாளரின் கணினியிலேயே அவரிடமிருந்து ஒளிக்கப் போனால் எங்கே போய் முடியும் என்பதற்கு சோனி பிஎம்ஜி கதையே சாட்சி. 2005-ல் அந்த நிறுவனத்தின் சில இசைத் தட்டுகளைக் கணினியில் போட்டதும், எக்ஸ்சிபி என்ற மென்பொருள் விண்டோஸின் அடிவயிற்றில் போய் உட்கார்ந்தது. தன்னை மறைத்துக்கொள்ள, குறிப்பிட்ட எழுத்துகளில் பெயர் தொடங்கும் எந்தக் கோப்பையும் கணினி காட்டாதபடி செய்தது. அதே எழுத்துகளில் பெயர் வைத்துக்கொண்டால் எந்த வைரஸும் ஒளிந்துகொள்ளலாம். அப்படிப்பட்டவை வரவும் செய்தன. அக்டோபர் 31 அன்று மார்க் ருஸினோவிச் என்ற நிபுணர் தன் கணினியில் இதைக் கண்டுபிடித்து எழுதினார். அடுத்த மாதமே தட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. காசு கொடுத்து வாங்கியவரின் கணினியை அவருக்கே தெரியாமல் பலவீனமாக்குவது எந்த உரிமைப் பாதுகாப்பிலும் சேராது.

2007 பிப்ரவரி 6 அன்று ஆப்பிளின் அப்போதைய தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டார். பூட்டு வேண்டும் என்று கேட்டது இசை நிறுவனங்கள்தான், அவை விட்டுக்கொடுத்தால் நாளைக்கே பூட்டில்லாமல் விற்கத் தயார் என்றார். அதில் ஒரு கணக்கும் சொன்னார். அதுவரை விற்ற ஐபாட்கள் 9 கோடி, ஐடியூன்ஸ் பாட்டுகள் 200 கோடி. ஒரு ஐபாடுக்குச் சராசரியாக 22 பாட்டு. ஆயிரம் பாட்டு கொள்ளும் ஐபாடில் அது 3 சதவீதம் கூட இல்லை, மீதியெல்லாம் பூட்டில்லாத பாட்டு. ஆகவே யாரையும் நாங்கள் கட்டிப்போடவில்லை என்பது அவர் வாதம். சராசரி ஏமாற்றும். பாட்டே வாங்காதவர்களையும் சேர்த்து வகுத்தால் 22 வரும். முந்நூறு பாட்டு வாங்கியவர் அடுத்து ஐபாடைத் தவிர வேறெதையும் வாங்க யோசித்திருப்பார். ஆனாலும் கடிதத்தின் தொழில்நுட்ப வாதம் உண்மையானது. ரகசியத்தைப் பல கம்பெனிகளோடு பகிர்ந்தால் அது ரகசியமாக இருக்காது என்பதை அவர் வெளிப்படையாகவே எழுதினார்.

அதற்குப் பிறகு பூட்டு வேகமாகக் கழன்றது. ஏப்ரலில் இஎம்ஐ என்ற இசை நிறுவனம் பூட்டில்லாத பாட்டை விற்க ஒப்புக்கொண்டது. செப்டம்பரில் அமேசான் பூட்டே இல்லாத எம்பி3 கடையைத் திறந்தது. 2009 ஜனவரியில் ஆப்பிளும் எல்லாப் பாட்டுகளிலிருந்தும் பூட்டை எடுப்பதாக அறிவித்தது. பூட்டு போனதால் விற்பனை ஒன்றும் நின்றுவிடவில்லை.

இதே சமயத்தில் மைக்ரோசாஃப்ட் பக்கம் நடந்தது, வாங்கியவர்களுக்குப் பூட்டின் இன்னொரு முகத்தைக் காட்டியது. எம்எஸ்என் மியூசிக் கடை 2006-ல் விற்பனையை நிறுத்தியது. 2008 ஏப்ரலில், சாவி தரும் சர்வர்களை ஆகஸ்ட் மாதக் கடைசியோடு மூடப்போவதாக வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் போனது. அதன் பிறகு கணினியை மாற்றினால் வாங்கிய பாட்டுகள் திறக்காது. எதிர்ப்பு கிளம்பியதும் காலக்கெடு தள்ளிவைக்கப்பட்டது.

சரி, பூட்டு ஒழிந்தது என்று மகிழ்வதற்குள் அது வேறு வழியாகத் திரும்பி வந்தது. வழி போட்டுக் கொடுத்தது கம்பியில்லா அகலப்பட்டை, அதாவது போனில் வரும் வேக இணையம்.

நான்கு நிமிடப் பாட்டு, நொடிக்கு 128 கிலோபிட் தரத்தில் சுமார் 3.8 மெகாபைட். ஜிபிஆர்எஸ் என்ற பழைய போன் இணையக் காலத்தில் நொடிக்கு 40 கிலோபிட் வந்தால் அதை இறக்கப் பதின்மூன்று நிமிடம் ஆகும். கேட்கும் வேகத்துக்கு வரும் வேகம் ஈடுகொடுக்காது. ஆகவே பாட்டை வாங்கிக் கையில் வைத்திருந்தால்தான் வழியில் கேட்க முடியும். 3ஜியின் 384 கிலோபிட்டில் அது 80 நொடி. 4ஜியில் 10 மெகாபிட் கிடைத்தால் மூன்றே நொடி.

இந்தப் பாய்ச்சல் எப்படி வந்தது? கோபுரத்திலிருந்து கிளம்பும் அலை நேராக மட்டும் போனுக்கு வருவதில்லை. கட்டடங்களில் பட்டுத் தெறித்து, எதிரொலியாகவும் பின்தங்கி வரும். ஒரு கிலோமீட்டர் சுற்றி வந்தால் தாமதம் 3.3 மைக்ரோநொடி. தரவை வேக வேகமாக அனுப்பினால் முதல் துணுக்கின் எதிரொலி அடுத்த துணுக்கின் மேல் விழுந்து எல்லாம் குழம்பும். 4ஜி இதை எளிமையாகத் தீர்த்தது. 20 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை 15 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள 1,200 கீற்றுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மெதுவாகத் தரவை அனுப்பியது. ஒரு துணுக்கு சுமார் 67 மைக்ரோநொடி நீடிக்கும். அதற்கு முன்னால் ஐந்து மைக்ரோநொடிக்குச் சற்றுக் குறைவான இடைவெளி விட்டால், எதிரொலிகள் அதற்குள் அடங்கிவிடும். தனித்தனியே மெதுவான 1,200 ஓடைகள், சேர்ந்தால் பெருவேகம்.

வேகம் வந்ததும் பாட்டை வைத்திருக்க வேண்டிய தேவை போய்விட்டது. ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகளில் நீங்கள் எதையும் வாங்குவதில்லை. கேட்கும் உரிமைக்குச் சந்தா கட்டுகிறீர்கள், அல்லது விளம்பரம் கேட்கிறீர்கள். உலாவியில் கேட்கும்போது கூகுளின் வைட்வைன் என்ற பூட்டு பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. போனில் இறக்கி வைத்த பாட்டும் பூட்டிய கோப்புதான். முப்பது நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தோடு பேசாவிட்டால் அது திறக்காது. எப்போதும் இணைப்பு இருப்பதால் இந்தச் சரிபார்ப்பு யாருக்கும் தெரிவதில்லை. ஐபாட் காலத்துப் பூட்டை எதிர்த்தவர்கள்கூட இதை எதிர்ப்பதில்லை. வாடகைக்கு எடுத்ததில் பூட்டு இருப்பது நியாயம்தானே என்று தோன்றுகிறது. எனக்கும் அதில் பெரிய மறுப்பு இல்லை. ஆனால் கேட்பவருக்கு என்ன கிடைக்கிறது, எது கிடைப்பதில்லை என்பது தெரிந்திருக்க வேண்டும். 2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தது. பழைய எச்எம்வி இசைத் தட்டுகளின் உரிமையை வைத்திருக்கும் சரிகம நிறுவனம் ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. உரிம ஒப்பந்தம் கைகூடாத நிலையில் அந்தப் பாட்டுகள் அந்தச் சேவையிலிருந்து நீக்கப்பட்டன. ஒப்பந்தம் ஆகித் திரும்பி வர 2020 ஜூன் ஆனது. இடைப்பட்ட காலத்தில், சந்தா கட்டினாலும் கட்டாவிட்டாலும், கேட்பவரின் கையில் ஒன்றும் இல்லை.

இந்தியச் சட்டம் இந்த விஷயத்தில் அமெரிக்காவைவிட நிதானமானது. 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவரைத்தான் தண்டிக்கிறது, இரண்டு வருடம் வரை சிறை. சட்டம் தடுக்காத ஒரு காரியத்துக்காக உடைப்பதை அது விட்டுவிடுகிறது. ஆனால் விற்பனையாளர் என்ன சொல்லி விற்க வேண்டும் என்பதைப் பற்றி அந்தப் பிரிவில் ஒன்றும் இல்லை. கலிஃபோர்னியா அதற்கு ஒரு சட்டம் செய்திருக்கிறது. 2025 ஜனவரி 1 முதல் அங்கே டிஜிட்டல் பொருளுக்குப் பக்கத்தில் 'வாங்கு' என்று பொத்தான் வைத்தால், இது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்லியாக வேண்டும். நிரந்தரமாக இறக்கி, இணையம் இல்லாமலே பயன்படுத்தக் கூடிய கோப்பாகக் கொடுத்தால் அந்த அறிவிப்பு தேவையில்லை. அப்படி ஒரு விதியை நம் நுகர்வோர் சட்டத்திலும் சேர்க்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். பாட்டோடு நிறுத்தாமல் மின்னூல், விளையாட்டு, திரைப்படம் எல்லாவற்றுக்கும்.