கூர்த்த அலைக்கொம்பு: ‘எவால்வ்டு ஆண்டெனா’வைத் தமிழில் எப்படிச் சொல்வது?

பேப்பர் கிளிப் ஒன்றை எடுத்து, போனில் பேசிக்கொண்டே கண்டபடி வளைத்தால் எப்படி இருக்குமோ, கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது நாசாவின் எஸ்டி5 செயற்கைக்கோள்களில் பொருத்திய ஆண்டெனா. 2006 மார்ச் 22 அன்று மூன்று குட்டிச் செயற்கைக்கோள்களோடு மேலே போனது. அந்த வளைவுகளை எந்தப் பொறியாளரும் வரையவில்லை, நாசா ஏம்ஸ் ஆய்வு மையத்தில் கணினி தேடிப் பிடித்தவை. அதனால்தான் ‘எவால்வ்டு ஆண்டெனா’ என்று பெயர்.

முதலில் ஆண்டெனா. லத்தீனில் இது பாய்மரத்தின் குறுக்குக் கழி. பூச்சியின் உணர்கொம்பை அரிஸ்டாட்டில் கிரேக்கத்தில் ‘கெராயா’ என்று எழுதியிருந்தார். அந்தச் சொல் கொம்பு போல நீண்டிருப்பதையும் குறிக்கும், பாய்க்கழியையும் குறிக்கும். 15ஆம் நூற்றாண்டில் தியோடர் காஸா அதை லத்தீனுக்குக் கொண்டுபோனபோது பாய்க்கழிக்கான சொல்லைப் போட்டார், பூச்சிக்கு ஆண்டெனா முளைத்தது. வானொலிக்கு வந்ததெல்லாம் ரொம்பப் பிந்தி.

தமிழில் ‘அலைவாங்கி’ என்று எழுதுகிறோம். எனக்கு அது ஒப்பவில்லை. எஸ்டி5 ஆண்டெனா சுமார் 7209 மெகாஹெர்ட்ஸில் வாங்கும், 8470இல் அனுப்பும்; பாதி வேலையை மட்டும் சொல்லும் பெயர் எதற்கு? கொம்பு என்று நம்மிடமே ஒரு சொல் இருக்கிறது. மாட்டுக்கும் கொம்பு, மரக்கிளையும் கொம்பு, பூச்சியின் தலையில் இருப்பதும் கொம்பு. ‘அலைக்கொம்பு’ என்றால் வாங்குவது, அனுப்புவது இரண்டுக்கும் பொருந்தும்.

சரி, ‘எவால்வ்டு’? தமிழ்நாட்டில் பரிணாமம் என்போம். அது வடசொல், மாறுதல் என்று பொருள். பால் தயிராவதைத்தான் அதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். இங்கே நடப்பது அது இல்லை. “இவ்வளவு தூரம் முன்னே போ, இந்தப் பக்கம் திரும்பு, மறுபடி போ” என்கிற மாதிரிக் கட்டளை வரிசைதான் ஒவ்வொரு கம்பிக்கும் மரபணு. கணினி இப்படிக் கண்டபடி நிறைய கம்பிகளை உண்டாக்கி, எது வேண்டிய திசைகளில் ஒழுங்காக அலை பரப்புகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்து, தேறியவற்றின் கட்டளைகளைக் கலந்து, அங்கங்கே ஒன்றிரண்டை மாற்றி அடுத்த தலைமுறையைப் பிறப்பிக்கும், தேறாதவை போய்விடும். எந்த ஒரு கம்பியும் தானாக மாறவில்லை, கூட்டம்தான் தலைமுறைக்குத் தலைமுறை சிறக்கிறது.

இலங்கைப் பாடநூல்களில் பரிணாமத்துக்குக் ‘கூர்ப்பு’ என்று இருக்கிறது. தொல்காப்பிய உரியியலைப் பாருங்கள்: “கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்.” உள்ளது சிறத்தல்! இதைவிடப் பொருத்தமாக யார் சொல்ல முடியும்? ஆகவே ‘கூர்த்த அலைக்கொம்பு’. கூரான கொம்பு என்று முதலில் தோன்றும், பழகினால் சரியாகிவிடும்.

சின்னச் சின்ன உலோக வடிவங்களைப் பரப்பி, மேலே படும் அலையை வேண்டியபடி திருப்பும் தகட்டுக்கு மெட்டாசர்ஃபேஸ், அதாவது மீப்பரப்பு என்று பெயர். அதையும் இப்படிக் கூர்க்கலாம். பத்துக்குப் பத்து கட்டம், ஒவ்வொன்றிலும் செம்பு இருக்கலாம் அல்லது இல்லாமல் போகலாம் என்றாலே 31 இலக்க எண்ணிக்கையில் வடிவங்கள் வரும், ஒவ்வொன்றாகப் பார்த்து முடியாது.

ஆனால் இயற்கையைப் பார்த்து அமைத்த தேடல் எல்லாமே கூர்ப்பு ஆகாது. 1995இல் ஜேம்ஸ் கென்னடி, ரஸ்ஸல் எபர்ஹார்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பறவைக் கூட்டத்தைப் பார்த்து அமைத்த முறையிலும் ஆண்டெனா வடிவமைக்கிறார்கள். அதில் பிறப்பும் இல்லை, சாவும் இல்லை, ஒவ்வொரு பறவையும் ஒரு வடிவம், ஒன்று கண்ட நல்ல இடத்தை நோக்கி மற்றவையும் நகரும், அவ்வளவுதான். அதற்குத் ‘திரள்தேடல்’ என்று தனிப் பெயர் வைத்துக்கொள்வோம்.