மிச்சபூமி: மிஞ்சிய நிலமா, மிகையான நிலமா?

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கம் தமிழ் பேசும் வீடுகளில் "எங்க தாத்தாவுக்கு மிச்சபூமி கிடைச்சுது", "அவங்க மிச்சபூமி காலனில இருக்காங்க" என்பதெல்லாம் சாதாரணப் பேச்சு. வாளையாறு தாண்டிக் கோயம்புத்தூரில் இதையே சொன்னால், யார் வைத்த மிச்சம் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. இந்தச் சொல்லின் மொத்தக் கதையும் அதில்தான் இருக்கிறது.

முதலில் சட்டப் பொருள். கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் 1963-இல் வந்தது. 1969-இல் திருத்தப்பட்டு, 1970 ஜனவரி 1 முதல் ஜென்மி முறை, அதாவது நிலவுடைமையாளர் குத்தகைக்கு விட்டு ஆளும் முறை, ஒழிந்தது. ஐந்து பேர் வரை உள்ள குடும்பம் 10 ஸ்டாண்டர்டு ஏக்கர், அதாவது நிலத்தின் வகையைப் பார்த்துக் கணக்கிடும் ஏக்கர், வைத்துக்கொள்ளலாம். சாதாரணக் கணக்கில் அது 12 ஏக்கருக்குக் குறையாது, 15-ஐத் தாண்டாது. அதற்கு மேல் உள்ளதை அரசிடம் விட்டுவிட வேண்டும். அரசு அதை நிலமில்லாத விவசாயக் கூலிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். அப்படி வந்த நிலம்தான் மிச்சபூமி. 1970-களின் தொடக்கத்தில் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் முன்னின்று நடத்திய மிச்சபூமி சமரம் (போராட்டம்) இந்தச் சொல்லை எல்லார் வாயிலும் ஏற்றியது.

சொல்லின் பாதி வடமொழி: பூமி. மற்றப் பாதி நம்முடையது. மிகு, மிகை, மிஞ்சு, மிச்சம் எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை. மலையாளத்தில் மிச்சம் என்றால் தேவைக்கு மேல் இருப்பது என்ற பொருளும் வலுவாக உண்டு. நாம் உபரி பட்ஜெட் என்பதை அங்கே மிச்ச பட்ஜெட் என்பார்கள். தமிழில் மிச்சம் என்றதும் நினைவுக்கு வருவது ராத்திரிச் சோறு, கடைசிப் பந்தி. சேமிப்பையும் மிச்சம் என்கிறோம்தான். ஆனாலும் எடுத்தது போக எஞ்சியது என்ற நிழல் இந்தச் சொல்லை விட்டுப் போவதில்லை.

இதன் பழைய வடிவம் மிச்சில். 85-ஆம் குறளில் வருகிறது. விருந்தினரை உண்ணவைத்து, மிஞ்சியதைத் தான் உண்பவனுடைய நிலத்துக்கு விதையும் போட வேண்டுமா என்று கேட்கிறார் வள்ளுவர். மிச்சிலும் நிலமும் ஒரே குறளில் இருப்பதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அங்கே மிச்சத்தை உண்பவன் நிலத்துக்காரன். மிச்சபூமியிலோ பந்தி தலைகீழ். எந்தத் துண்டை விட்டுக்கொடுப்பது என்று குறித்துக் கொடுக்கும் வாய்ப்பு உடைமையாளருக்குச் சட்டத்திலேயே இருந்தது. நீர் பாயும் வயலை யார் குறிப்பார்? கல்லும் கரடும் முதலில் வந்தன, வழக்கில் கிடந்த துண்டுகளும் வந்தன. தலைமுறையாக உழுதவருக்கு அதிலிருந்து ஒரு துண்டு. மிச்சம் என்ற சொல் நடந்ததை உள்ளபடி சொல்லிவிடுகிறது. சட்டம் சொன்னது அதுவல்ல.

தமிழ்நாட்டில் உபரி நிலம், மிகை நிலம் இரண்டும் வழங்குகின்றன. உபரி வடசொல், மேலே என்று பொருள். என் தேர்வு மிகைநிலம். மிகை என்றால் எல்லை கடந்தது. மிகைபடக் கூறலை இலக்கணம் குற்றமாகவே எண்ணும். உச்சவரம்பைத் தாண்டி ஒருவர் கையில் இருந்த நிலத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை. வாங்கியவருக்கும் அதில் மரியாதை இருக்கிறது: அவர் பெற்றது எஞ்சியதை அல்ல, வரம்பு மீறிக் குவிந்ததில் தன் பங்கை.

கூடவே வரும் சொற்கள் இரண்டு. எல்லைக்கு அந்தப்புறம் நிலத்தைப் "பதிச்சுக் கொடுத்தாங்க" என்பார்கள். தமிழ்நாட்டு வருவாய்த் துறையில் அது நில ஒப்படை. நம் பட்டா அங்கே பட்டயம். செப்புப் பட்டயம் என்று நாம் கல்வெட்டுப் பாடத்தோடு விட்டுவிட்ட சொல் அங்கே வீட்டுப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது.

அப்புறம், எஸ்டேட் நிலம். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். தேயிலை, காப்பி, ரப்பர், ஏலத் தோட்டங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்கு உண்டு. அதனால் மூணாறு பக்கம் கேரள அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது: கண்ணன் தேவன் மலைகள் நில மீட்புச் சட்டம், 1971. பூஞ்ஞாறு அரசர் 1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயருக்குக் கொடுத்த மலைகள் அவை. பயிர்செய்யப் பிரித்துக் கொடுப்பதற்காக எடுக்கிறோம் என்று சட்டத்தின் முகவுரையே சொல்கிறது. 1972-இல் உச்ச நீதிமன்றமும் சட்டத்தை ஏற்றது. 1974-இல் நில வாரியம் 57,359 ஏக்கரை அங்கே தேயிலைத் தோட்டம் நடத்திவந்த கம்பெனியிடமே விட்டது. 70,522 ஏக்கர் அரசுக்கு வந்தது. கொடுத்ததைத் திரும்ப எடுப்பது என்பதால் இதைக் கையகப்படுத்தல் என்று எழுதுவது பொருந்தாது, மிச்சபூமி என்பதும் பொருந்தாது. தலைமுறைகளாக அங்கே கொழுந்து கிள்ளும் நம் மக்களிடம் பேசும்போது மீட்புநிலம் என்றே சொல்லலாம்.