தகரக் கூரையின் கீழ் மரப்பட்டை

சுங்கை சிப்புட் வட்டாரத்துப் பழைய தோட்ட வீடுகளில் கூரை வேலைக்கு அழைப்பவர்கள் ஒழுக்கலைவிட அதிகமாகச் சொல்லும் குறை, மதியத்துக்குமேல் உள்ளே உட்கார முடியாத வெக்கை. நிலநடுக்கோட்டுக்கு அருகில் வெயில் உச்சியிலிருந்து இறங்குவதால், மாடியில்லாத வீட்டுக்கு வெப்பம் கூரை வழியாகவே அதிகம் வருகிறது. இதைத் தடுக்கக் கண்ணாடிக் கம்பளியும் அலுமினியத் தாளும் கடையில் கிடைக்கின்றன. மர ஆலைகளில் குவியும் பட்டையோ பெரும்பாலும் கொதிகலனில் விறகாக எரிகிறது. அந்தப் பட்டையைப் பலகையாக்கிக் கூரை வெப்பத்தைத் தடுக்க முடியுமா என்பதே இங்கே கேள்வி.

மரத்தை வெயிலிலிருந்தும் பூச்சியிலிருந்தும் காப்பதே பட்டையின் வேலை. போர்ச்சுகலில் ஏறத்தாழ 9 ஆண்டுக்கு ஒருமுறை உரிக்கப்படும் தக்கை ஓக் பட்டையைத் துகளாக்கி நீராவியில் சூடேற்றினால், அதிலுள்ள பொருள்களே பசையாகி அதைப் பலகையாக இறுக்கிவிடும். ஐரோப்பிய ஆய்வாளர்கள் லார்ச் போன்ற மரங்களின் பட்டையையும் பலகையாக அழுத்திப் பார்த்திருக்கிறார்கள். அத்தகைய பலகையின் வெப்பங்கடத்துதிறன் (இந்த எண் குறையக் குறைய வெப்பம் நன்றாகத் தடுக்கப்படும்), அடர்த்தியைப் பொறுத்து, மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.05 முதல் 0.09 வாட் வரை அமைகிறது. கண்ணாடிக் கம்பளிக்கு அது 0.04 அளவில் இருக்கும்.

இந்தச் சிறு வேறுபாடு கூரைக்கு மேலே போனதும் பெரிதாகிவிடுகிறது. எடை குறைந்த கூரை வழியே கடக்கும் வெப்பத்துக்கு மலேசியத் தரநிலை எம்.எஸ். 1525 வைத்திருக்கும் வரம்பு, ஒரு டிகிரி வெப்பநிலை வேறுபாட்டுக்குச் சதுர மீட்டருக்கு 0.4 வாட். அதை எட்டக் கம்பளி 9 செ.மீ. கனம் போதுமென்றால், 0.06 கடத்துதிறனுள்ள பட்டைப் பலகை 13 செ.மீ. வேண்டும். கன மீட்டருக்கு 250 கிலோ அடர்த்தியென்று கொண்டால், பத்தடிக்குப் பத்தடி அறையின் சீலிங்மீது சுமார் 300 கிலோ ஏறும். கறையான் பார்த்த லயத்து வீட்டுச் சட்டங்கள் அதைத் தாங்குமென்று நான் எழுதித் தரமாட்டேன். அத்தகைய வீட்டுக்கு 4 செ.மீ. பலகையைப் பொருத்தி, தகரத்தின் அடியில் காற்று இடைவெளி விட்டு, பளபளப்பான பக்கம் கீழ்நோக்க அலுமினியத் தாளை விரிப்பதே என் பரிந்துரை. தரநிலையை எட்டாவிட்டாலும் வெக்கை நன்றாகத் தணியும்.

எடைக்கு அடுத்தது ஈரம். உரித்த பட்டையின் எடையில் பாதி அளவு தண்ணீராகவே இருக்கும். உலர்த்தாமல் சீலிங்கில் கொட்டினால் பூஞ்சையைத்தான் வளர்ப்போம். 25 முதல் 30 வயதில் வெட்டப்படும் ரப்பர் மரத்தில் மாவுச்சத்து மிகுதி; பூச்சியும் பூஞ்சையும் எளிதில் பிடிக்கும் என்பதால், அதை அறுத்த கையோடு போரான் கரைசலை அழுத்தி ஏற்றி, சூளையில் உலர்த்துவது நம் ஆலைகளில் வழக்கம். அதே கரைசலும் சூளையும் பட்டைக்கும் உதவும். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆனால் போரான் தண்ணீரில் கரைந்து போய்விடும். ஒழுகும் தகரத்தை மாற்றிய பிறகே பலகையைத் தொட வேண்டும்.

பசையையும் கேட்டறியுங்கள். யூரியா பார்மால்டிஹைடு பசை சூட்டிலும் ஈரத்திலும் பார்மால்டிஹைடு என்னும் நச்சு ஆவியை வெளியிடும். அதைக் கொண்டு ஒட்டிவிட்டு ‘இயற்கைப் பொருள்’ என்று விற்பது என் பார்வையில் ஏமாற்றே. மாஞ்சியம் மரப்பட்டையிலும், கோலா செபெத்தாங் கரிச்சூளைகளில் உரித்து ஒதுக்கும் பாக்காவ் என்னும் அலையாத்தி மரப்பட்டையிலும் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் நிறைய உண்டு; பசைக்கு அது நல்ல மூலப்பொருள்.

போரான் ஏற்றிய பட்டையும் தீப்பிடிக்காத பொருளன்று. ஆகவே சீலிங்குக்கு மேலே ஓடும் பழைய மின்கம்பிகளை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் காட்டி, நைந்தவற்றை மாற்றிய பிறகு பலகையைப் பொருத்துங்கள். விளக்குக் குழிகளைச் சுற்றி இடைவெளி விடுங்கள்.