கெர்னல் என்னும் கருனி

லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் பேச்சை எடுத்தாலே இரண்டாவது வரியில் 'கெர்னல்' வந்து நிற்கும். ராணுவத்துக் கர்னலோடு இதற்கு ஒட்டுமில்லை, உறவுமில்லை. பழைய ஆங்கிலத்தில் தானியத்தைக் குறித்த 'கார்ன்' என்ற சொல்லோடு சிறுமை விகுதி சேர்ந்து, 'சிறுமணி' என்ற பொருளில் பிறந்த சொல். பிறகு கொட்டைக்குள் இருக்கும் பருப்புக்கும் பெயரானது.

யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் இதற்கு ஜோடி, 'ஷெல்', அதாவது ஓடு. நாம் கட்டளை தட்டுவது ஓட்டில். வேலை நடப்பது பருப்பில். எந்த நிரலுக்கு எவ்வளவு நேரம் பிராசஸரைக் கொடுப்பது, எவ்வளவு நினைவகம் ஒதுக்குவது, கீபோர்டோடும் வைஃபையோடும் பேசுவது எல்லாம் கெர்னலின் பொறுப்பு. பிரவுசர் ஒரு படத்தைச் சேமிக்க வேண்டுமா? நேரே டிஸ்கைத் தொட அதற்கு அனுமதி இல்லை; கெர்னலிடம்தான் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதற்கு 'சிஸ்டம் கால்' என்று பெயர். பிரவுசர் முடங்கினாலும் கணினி பெரும்பாலும் முடங்காமல் இருப்பது இந்தக் கட்டுப்பாட்டால்தான்.

கறாராகச் சொன்னால், 'லினக்ஸ்' என்பதே ஒரு கெர்னலின் பெயர்தான். 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதியது. அவர் மனத்தில் இருந்த பெயர் 'ஃப்ரீயாக்ஸ்'. சர்வரில் இடம் கொடுத்த அரி லெம்கே, கோப்புறைக்கு 'லினக்ஸ்' என்று பெயரிட்டார், அதுவே நிலைத்தது (நல்லவேளை!). 1992இல் ஜிபிஎல் உரிமத்துக்கு வந்தபின், மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதை அதே உரிமத்தில் பகிரலாம் என்றானது. இந்தக் கெர்னலோடு சேர்ந்து வரும் கம்பைலர் (மூலநிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றுவது), ஷெல் போன்றவை ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த க்னூ என்னும் கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் ஆக்கங்கள். 'க்னூ/லினக்ஸ்' என்று சிலர் பிடிவாதமாகச் சொல்வது அதனால்தான். ஆண்ட்ராய்டு போனில் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான்.

தமிழில் எப்படிச் சொல்வது? 'பருப்பு' நேர்ப்பொருள்தான், ஆனால் 'பருப்பை அப்டேட் செய்' என்றால் சிரிப்பார்கள். 'உட்கரு' உயிரியலுக்குப் போய்விட்டது. 'கரு' என்றால் வளர்ந்து முழு உருவாகும் ஒன்று நினைவுக்கு வருகிறது, கதைக்கருவும் குறுக்கிடும். 'கருனி' என்பதே என் தேர்வு. வேறு பொருள் ஒட்டாது, 'கணினி'யோடு ஓசை சேரும், கருனியை, கருனியில் என்று வேற்றுமை உருபும் இயல்பாக ஏற்கும்.

எடுத்துக்காட்டு: லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் 24.04 பதிப்பு வெளிவந்தபோது அதில் இருந்தது 6.8 பதிப்புக் கருனி. இற்றைப்படுத்தியபின் புதிய கருனி மக்கர் செய்தால், கணினி தொடங்கும்போது வரும் பூட் மெனுவில் பழைய கருனியைத் தேர்ந்தெடுத்து உள்ளே போகலாம்.