சுவர் எட்டடி, மேலே வானம்: ஆட்டுப்பட்டி வைத்திருப்போர் கவனத்துக்கு

ஈரோடு மாவட்டத்தில் தாளவாடி, ஆசனூர், கடம்பூர் பக்கம் ஒரே இரவில் பத்துப் பன்னிரண்டு ஆடுகளைச் சிறுத்தை கொன்ற பட்டிகளைப் போய்ப் பாருங்கள். சுற்றுச்சுவர் இருக்கும். கதவு இருக்கும். பூட்டுகூட இருக்கும். மேலே மட்டும் வானம்.

கால்நடை மருத்துவராகச் செத்த ஆடுகளின் பிரேதப் பரிசோதனையை முடித்து நான் கை கழுவுவதற்குள் அதே பேச்சு வந்துவிடும்: "பசிக்கு ஒரு ஆடு போதாதா டாக்டர்? இத்தனையையும் கொன்னு போட்டிருக்கே, இது வெறி பிடிச்சது. கூண்டு வைக்கச் சொல்லுங்க."

வெறியும் கிடையாது, ஒன்றும் கிடையாது. காட்டில் ஒரு மானைப் பிடித்தால் மற்றவை நொடியில் சிதறிவிடும். பட்டிக்குள் ஆடு எங்கே போகும்? சுவரில் முட்டித் திரும்பச் சிறுத்தையின் முன்னாலேயே வந்து விழும். கண்முன் ஓடுவது ஓயும்வரை அது கடிக்கத்தான் செய்யும். கோழிக்கூட்டில் புகுந்த மரநாய் செய்வதும் இதுதான். அதை யாரும் வெறி பிடித்த மரநாய் என்பதில்லை. செத்ததில் சில ஆடுகள்மீது பல்லே பட்டிருக்காது. மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சு முட்டிச் செத்தவை அவை.

கூண்டில் பிடித்துப் போனாலும் காலியான இடத்துக்கு அடுத்த சிறுத்தை வரும். மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் பகுதியில் 2001 முதல் பிடித்துப் பிடித்து வேறு காட்டில் விட்டுப் பார்த்தார்கள். மனிதர்கள்மீதான தாக்குதல்தான் கூடியது. உங்கள் பட்டிக்கோ அப்போதும் கூரை இருக்காது.

எட்டடிச் சுவரில் சிறுத்தை ஒரே தாவலில் தொற்றி ஏறிவிடும். தென்னங்கீற்றைப் பிரித்துக்கொண்டு இறங்கும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் சிறுத்தையின் எடைக்கே உடையும். மேலே எது வேய்ந்தாலும், அடியில் இரண்டங்குலக் கண் உள்ள கம்பி வலையை இரும்புக் குழாய்களில் விறைப்பாக இழுத்து, அடிக்கு ஒரு கட்டுக்கம்பி போடுங்கள். பக்கவாட்டில் சுவருக்குப் பதில் வலை என்றால், அதன் அடிப்பகுதி ஓரடி மண்ணுக்குள் இறங்கட்டும். கதவுக்குத் தட்டி வேண்டாம். தகரம் அடித்த இரும்புச் சட்டம், மேலும் கீழும் தாழ்ப்பாள், நிலைக்கும் கதவுக்கும் நடுவே பாதம் நுழையாத இடைவெளி. பட்டிமேல் சாயும் கிளையை வெட்டுங்கள். சுற்றி ஐம்பதடிக்கு உன்னிச்செடிப் புதர் இருக்கக்கூடாது.

செலவா? ஆட்டுக்குப் பத்துச் சதுர அடி கணக்கு. இருபது ஆட்டுக்கு இருபதுக்குப் பத்து போதும். தோட்டம் முழுக்க வேலி போடக் கடன் வாங்கியவர்கள்தான் இந்தச் சின்னப் பட்டிக்குக் கூரை போடக் காசில்லை என்கிறார்கள். பயந்துபோய் நாலு பக்கமும் தார்ப்பாயால் மூடியும் விடாதீர்கள். மூத்திர நெடியில் குட்டிகளுக்குச் சளிக்காய்ச்சல் வந்து அதற்கு வேறு என்னிடம் வருவீர்கள்.

காவலுக்கு என்று நாயை வெளியே கட்டாதீர்கள். சிறுத்தைக்கு அதுவே இரை, அதுவே அழைப்பு.

கெஞ்சிக் கேட்கிறேன், செத்த ஆட்டில் குருணை மருந்து (வயலுக்குப் போடும் பூச்சிக்கொல்லி விஷம்) வைக்காதீர்கள். மிச்சம் தின்னச் சிறுத்தை திரும்பி வரும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே மோயாற்றுப் பள்ளத்தாக்கின் பாறுக் கழுகுகள் (பிணந்தின்னிக் கழுகுகள்) இறங்கி, அதைத் தின்று செத்துவிடும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சிறுத்தையைக் கொன்றால் குறைந்தது 3 ஆண்டு சிறை. (வலி ஊசி போடும் தம்பிகளுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: டைக்ளோஃபீனாக், கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபீனாக் மூன்றும், செத்த மாட்டைத் தின்னும் பாறுகளைக் கொல்வதால், கால்நடைக்குத் தடை செய்யப்பட்டவை. மெலாக்சிகாம் போடுங்கள்.)

உடலை நகர்த்தாமல், புதைக்காமல், படம் எடுத்து வனக்காப்பாளருக்குச் சொல்லுங்கள். நாங்கள் வந்து தோலை உரித்துப் பார்த்தால்தான் தெரியும்: சிறுத்தை கொன்றிருந்தால் தொண்டையில் கோரைப்பல் துளை, அதைச் சுற்றி ரத்தக்கட்டு, தெருநாய் என்றால் தொடையும் பின்பக்கமும் கந்தலாகியிருக்கும். முந்தின இரவே புதைத்துவிட்டு இழப்பீட்டுச் சான்றிதழ் கேட்டால் எதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது?

கடிபட்டுப் பிழைத்த ஆடு இருந்தால், துளையில் மஞ்சளை அப்பி அடைக்காதீர்கள். வெளியே சின்ன ஓட்டைதான், உள்ளே ஆழமாகச் சீழ் கட்டும். உப்பு நீரால் கழுவி, திறந்தபடியே விட்டு, விடிந்ததும் கொண்டுவாருங்கள்.