ஓட ஓடத் தேயும் எஞ்சின்: பழையதைக் காப்பதா, புதிதாய்ச் செய்வதா?

1829-இல் இங்கிலாந்தின் ரெயின்ஹில்லில் நடந்த ரயில் எஞ்சின் போட்டியில் வென்ற ‘ராக்கெட்’ நீராவி எஞ்சின் இன்றும் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் போட்டியில் ஓடிய உருவத்தில் அது இல்லை. சரிவாகப் பொருத்தியிருந்த சிலிண்டர்களை, அது வேலையில் இருந்த காலத்திலேயே ஏறக்குறையப் படுக்கைவாட்டுக்கு இறக்கிவிட்டார்கள். கரி எரியும் அறையான நெருப்புப் பெட்டியும் இப்போது இல்லை. 1979-இல் செய்த பிரதியோ 1829-இன் உருவத்தில் இருக்கிறது, ஓடும்படியே செய்யப்பட்டது. இந்த இரண்டில் எதற்குப் பணமும் உழைப்பும் போக வேண்டும் என்று ரயில் ஆர்வலர்கள் ஓயாமல் வாதிடுகிறார்கள். பெரும்பாலும் உணர்ச்சியோடு நடக்கும் அந்த வாதத்துக்கு விடை கொதிகலனுக்குள் இருக்கிறது என்பது என் கருத்து.

20-ஆம் நூற்றாண்டின் பெரிய விரைவு ரயில் எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கொதிகலன் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 250 பவுண்டு. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டித்தான் கொதிக்கும். ஒரு சதுர மீட்டர் தகட்டின் மேல் ஏறத்தாழ 175 டன் விசை அழுத்துகிறது. உருளை வடிவப் பகுதி இதைத் தாங்கிவிடும். நெருப்புப் பெட்டியின் சுவர்கள் தட்டையானவை. விட்டால் புடைத்துப் பிய்ந்துவிடும். அதனால் உள்சுவரையும் வெளிச்சுவரையும் நூற்றுக்கணக்கான ‘ஸ்டே’ தண்டுகளால் பிணைத்திருப்பார்கள். இரண்டு சுவர்களுக்கும் நடுவே தண்ணீர் நிற்கும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. தீ படும் உள்சுவர் வெளிச்சுவரைவிட அதிகம் சூடாகி, அதிகம் விரிகிறது. நடுவில் உள்ள தண்டு ஒவ்வொரு முறையும் இம்மியளவு வளைகிறது. அடுப்பு அணைந்ததும் திரும்புகிறது. ஆயிரம் முறை வளைந்து நிமிர்ந்த உலோகத்தில் விரிசல் விழும். பழைய பொறியாளர்கள் இதை அறிந்தே தண்டின் முனையில் ஒரு சிறு துளை போட்டார்கள். உள்ளே தண்டு முறிந்தால் அந்தத் துளை வழியே நீராவி சீறி வெளிவந்து காட்டிக்கொடுக்கும். மின்னணு உணரி எதுவும் இல்லாத காலத்தில் யோசித்த இந்த ஏற்பாட்டை என்னால் வியக்காமல் இருக்க முடியவில்லை.

தண்ணீரும் தன் பங்குக்கு அரிக்கிறது. கரைந்துள்ள ஆக்சிஜன் தகட்டில் குழி பறிக்கும். உப்புகள் படிவாகி வெப்பத்தைத் தடுக்க, அடியிலுள்ள உலோகம் மிதமிஞ்சிச் சூடாகும். எல்லாவற்றிலும் ஆபத்தானது நெருப்புப் பெட்டியின் கூரை. அதன் மேல் தண்ணீர் குறைந்தால் தகடு சூட்டில் இளகிக் கிழியும். மிச்சமுள்ள தண்ணீர் நொடியில் நீராவியாகப் பொங்கும். 1995-இல் அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க் ரயில் பாதையில் இதுதான் நடந்தது. எஞ்சினில் இருந்த மூவர் தீக்காயம் பட்டார்கள். அதன்பின் அங்கே விதிகளைத் திருத்தினார்கள். 1,472 நாள் ஓட்டம் அல்லது 15 ஆண்டு, எது முதலில் வருகிறதோ அப்போது கொதிகலனை முழுமையாகப் பிரித்துச் சோதிக்க வேண்டும்.

அப்படிப் பிரிக்கும்போது குழாய்கள் மாறும், மெலிந்த தகட்டை வெட்டிப் புதுத் தகடு வைப்பார்கள், சக்கர விளிம்பைக் கடைவார்கள், சிலிண்டரின் உட்புறத்தைக் குடைவார்கள். பாதுகாப்புக்கு இவையெல்லாம் கட்டாயம். ஆனால் வெட்டி எறியும் தகட்டில் சுத்தியல் தடம் இருக்கிறது, அக்கால இரும்பின் கசடு இழைகள் இருக்கின்றன, முந்தைய பழுதுபார்ப்பின் அடையாளம் இருக்கிறது. வரைபடம் மிஞ்சாத பழைய எஞ்சின்களுக்கு அந்த உலோகம் மட்டுமே ஆவணம். அதை இழந்து ஓட்டுவதை என்னால் ஏற்க முடியாது.

எல்லாப் பழைய எஞ்சினையும் கண்ணாடிக்குப் பின்னால் பூட்டிவிடச் சொல்லவில்லை. 1923-இல் பிறந்த ‘ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன்’ என்ற பிரிட்டிஷ் விரைவு ரயில் எஞ்சின் 1947-இலேயே வேறு வகைக் கொதிகலனோடு மாற்றி அமைக்கப்பட்டது. அக்காலப் பணிமனைகளில் சட்டகத்தைவிடக் கொதிகலனைப் பழுதுபார்க்க அதிக நாள் ஆகும். அதனால் தயாராக இருந்த வேறொரு கொதிகலனைத் தூக்கி வைத்து அனுப்பிவிடுவார்கள். இப்படிப் பாகங்கள் மாறி மாறியே வாழ்ந்த எஞ்சின் தொடர்ந்து ஓடுவதில் இழப்பு குறைவு.

புதிதாய்ச் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ‘டொர்னேடோ’. பிரிட்டனில் 1948-49-இல் கட்டிய ஏ1 வகை எஞ்சின்கள் 49-உம் 1966-க்குள் உடைத்து விற்கப்பட்டன, ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆர்வலர்கள் பணம் திரட்டி, இங்கிலாந்தின் டார்லிங்டனில் 2008-இல் ஐம்பதாவதாக டொர்னேடோவைக் கட்டி முடித்தார்கள். அதன் கொதிகலன் ஜெர்மனியின் மைனிங்கன் பணிமனையில் உருவானது. செம்பு நெருப்புப் பெட்டிக்குப் பதில் எஃகு, ரிவெட்டுக்குப் பதில் வெல்டிங். 2017-இல் சோதனை ஓட்டத்தில் மணிக்கு 100 மைலைத் தொட்டது. ‘இது அசல் இல்லை’ என்று சிலர் முகம் சுளிப்பது எனக்குப் புரியவில்லை. அழிந்துபோன வகை ஒன்று தண்டவாளத்தில் எப்படி நடந்துகொண்டது என்று அறிய வேறு வழி ஏது?

பிரதி ஆய்வுக் கருவியாகவும் உதவும். 2002-இல் ரெயின்ஹில் போட்டியைப் பிரதிகளை வைத்தே மறுபடி நடத்தினார்கள். மெலிந்துபோன மூல எஞ்சின்களில் அப்படி ஒரு சோதனையை நினைத்தும் பார்க்க முடியாது. 1934-இல் வந்த பி2 என்ற பிரிட்டிஷ் எஞ்சின் வகை, வளைவான பாதைகளில் சிரமப்பட்டது. இப்போது அதே வகையைப் புதிதாய்க் கட்டுபவர்கள் கணினியில் அதன் ஓட்டத்தைக் கணித்து, முன்சக்கர அமைப்பைத் திருத்தி வடிவமைத்திருக்கிறார்கள்.

கைத்திறனும் இதில் அடங்கும். அச்சு சுழலும் பேரிங்கில் ‘வெள்ளை உலோகம்’ எனும் மென்மையான கலவையை வார்ப்பதையும், சிலிண்டருக்குள் நீராவியை விடும் வால்வுகளின் நேரத்தை ஒழுங்கு செய்வதையும் புத்தகம் பார்த்துக் கற்க முடியாது. புது எஞ்சினில் கை பழகியவர்களே நாளை ஒரு பழைய எஞ்சினைச் சேதமின்றிப் பிரிக்கத் தெரிந்தவர்கள். ஓட்டியே தீர வேண்டிய பழைய எஞ்சின் என்றால், வெட்டும் முன் ஒவ்வொரு பாகத்தையும் அளந்து, முப்பரிமாணத்தில் பதிவு செய்து, கழற்றிய தகடுகளைப் பெயரிட்டுப் பத்திரப்படுத்தட்டும். டொர்னேடோவுக்கு அந்தக் கவலை இல்லை. அதன் கொதிகலன் தேய்ந்தால், வரைபடத்தை அனுப்பி இன்னொன்று செய்து வாங்கிக்கொள்ளலாம்.